ஆன்டெனா அனலைசர் எதை வாங்குவது? ஹாம்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி, பேசுவதற்காக மொட்டைமாடியில் 40 மீட்டர் அலைவரிசைக்கு ஒரு டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த இருபக்கக் கம்பி ஆன்டெனா) கட்டியாயிற்று. கேபிளை ரிக்கில் (ரேடியோ செட்டில்) மாட்டி, பவரைக் குறைத்து வைத்து கேரியர் விட்டுப் பார்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய அலை எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சொல்லும் எண்; எதுவும் திரும்பாவிட்டால் 1) 3 காட்டுகிறது. கம்பி நீளமா, குட்டையா? கனெக்டரில் சாலிடர் விட்டுப்போயிற்றா? பாலன் (கேபிளுக்கும் டைபோலுக்கும் இடையில் வைக்கும் இணைப்புச் சுருள்) சரியில்லையா? ரிக்கில் இருக்கும் மீட்டருக்கு இதில் எதுவும் தெரியாது. பவரில் நான்கில் ஒரு பங்கு திரும்பி வருகிறது என்பதோடு அது நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் 40 மீட்டர் என்றால் நமக்கு 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரைதான். ஆன்டெனா 6.85-இல் ஒத்ததிர்கிறது என்றால் அதைக் கண்டுபிடிக்க அங்கே போய் டிரான்ஸ்மிட் செய்ய முடியாது. சட்டமும் விடாது, நல்ல ஹாமும் செய்யமாட்டார். ஆன்டெனா அனலைசர் என்பது சிறு சிக்னலை அனுப்பி ஆன்டெனாவை அளக்கும் கருவி; அது அனுப்புவது மில்லிவாட் கணக்கில்தான். அலைவரிசையின் எல்லைக்கு வெளியேயும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் தேடலாம். தானே ஆன்டெனா கட்டும் ஒருவர் ரிக்குக்கு அடுத்தபடியாக வாங்கவேண்டிய கருவி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பெரிய ரிக்குக்காகச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கினால், ஏற்கெனவே இருக்கும் ரிக்கே நன்றாகப் பேசும்.

எதை வாங்குவது என்பதில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். மட்டும் காட்டும் கருவியை வாங்காதீர்கள். ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு, ரியாக்டன்ஸ் (சுருள் போலவோ மின்தேக்கி போலவோ ஆன்டெனா காட்டும் எதிர்ப்பு) எவ்வளவு, அது பிளஸ்ஸா மைனஸா என்று மூன்றையும் காட்டுகிற கருவியாக இருக்கவேண்டும். விலை, திரை, பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் படி: உங்கள் ஆன்டெனாக்களை எழுதிக்கொள்ளுங்கள்

கடைப் பக்கத்தைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். இப்போது இருக்கும் ஆன்டெனாக்கள், அடுத்த இரண்டு வருடத்தில் நிச்சயமாகக் கட்டப்போகிறவை, இரண்டையும் எழுதுங்கள். ஆசைகளை எழுதவேண்டாம்.

ஹெச்எஃப் மட்டும், அதாவது 80 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை என்றால் 35 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் கருவி போதும். 6 மீட்டரும் உண்டு என்றால் 55. நம் ஊர் ரிபீட்டர்களுக்காக (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்கள்) 2 மீட்டர், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், சேர்ந்தால் 230 வரை போகும் கருவி வேண்டும். 434 முதல் 438 வரையுள்ள யுஹெச்எஃப் பகுதியில் சாட்டிலைட் வேலைக்காக யாகி கட்டுகிறீர்கள் என்றால் 500-ஐத் தாண்டவேண்டும்.

3 கிகாஹெர்ட்ஸ், 6 கிகாஹெர்ட்ஸ் என்று விளம்பரத்தில் பெரிய எண்களைப் பார்த்து மயங்கவேண்டாம். மேல் எல்லை உயர்ந்த கருவி கீழே 7 மெகாஹெர்ட்ஸில் அதே அளவு துல்லியமாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் பெரும்பகுதியை 40 மீட்டரிலும் 2 மீட்டரிலும்தான் கழிக்கிறோம். அந்த இரண்டு இடத்திலும் நம்பத்தகுந்த அளவு காட்டுவதே கருவிக்கு அழகு.

இன்னொரு கேள்வியையும் அதே தாளில் எழுதுங்கள்: ஆன்டெனாவை மட்டும் அளக்கப்போகிறீர்களா, ஃபில்டர், டூப்ளெக்ஸர் (ரிபீட்டர் ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் வாங்கவும் உதவும் ஃபில்டர்), பாலன், சோக் போன்றவற்றையுமா? ஆன்டெனாவுக்கு ஒரு வாய் (போர்ட்) உள்ள கருவி போதும். ஃபில்டரின் ஒரு முனையில் சிக்னல் விட்டு மறுமுனையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்க இரண்டு வாய் வேண்டும். இரண்டாவது வகைக்கு வெக்டர் நெட்வொர்க் அனலைசர், சுருக்கமாக விஎன்ஏ, என்று பெயர்.

இரண்டாம் படி: எஸ்.டபிள்யூ.ஆர். ஏன் போதாது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்கவேண்டும். கருவியைத் தேர்ந்தெடுப்பதும், பிறகு அதைப் பயன்படுத்துவதும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

எஸ்.டபிள்யூ.ஆர். 2 என்பதற்கு ஒரே ஒரு அர்த்தம் கிடையாது. 100 ஓம் சுத்த ரெசிஸ்டன்ஸும் 2 காட்டும். 25 ஓமும் 2 காட்டும். இவற்றுக்கு இடையில் ரியாக்டன்ஸ் கலந்த எண்ணற்ற சேர்க்கைகளும் 2 காட்டும். முதலாவதற்கு ஒரு மருந்து, இரண்டாவதற்கு வேறு மருந்து. மீட்டரோ எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத்தான் தருகிறது. காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் சொல்லிவிடும். மலேரியாவா டைஃபாய்டா என்று அது சொல்லாது.

ரியாக்டன்ஸ் மைனஸ் என்றால் டைபோல் அந்த அதிர்வெண்ணுக்குக் குட்டை. பிளஸ் என்றால் நீளம். பூஜ்யத்தைக் கடக்கும் இடம் ஒத்ததிர்வு. கத்தரிக்கோலை எடுப்பதா, கம்பியைச் சேர்ப்பதா என்பதை அந்தக் குறி சொல்லிவிடுகிறது. குறியைக் காட்டாத பழைய கருவிகளில், அதிர்வெண்ணைச் சற்று உயர்த்தி எண் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து ஊகிக்கவேண்டியிருக்கும். எளிய ஆன்டெனாவில் அந்த ஊகம் சரிவரும். இடையில் நீண்ட கேபிள் இருந்தால் ஏமாற்றிவிடும்.

ரெசிஸ்டன்ஸின் கதை இன்னும் சுவையானது. தரையில் நிற்கும் கால் அலை வெர்டிகலை (அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள செங்குத்து ஆன்டெனா) எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் உள்ள தரை பிழையற்ற கடத்தியாக இருந்தால், ஒத்ததிர்வில் அது ஏறத்தாழ 36 ஓம் காட்டவேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். கணக்கில் அது சுமார் 1.4. ஆனால் நான்கே ரேடியல் (அடியில் பரப்பும் தரைக் கம்பி) போட்டு நட்ட வெர்டிகல் பல வீடுகளில் 1.0 காட்டும், கட்டியவர் பூரித்துப்போவார். அந்த 50 ஓமில் 36 மட்டும்தான் அலையாக வெளியே போகிறது. மீதி 14 ஓம் மண்ணைச் சூடாக்குகிறது. அனுப்பும் பவரில் கால் பங்குக்கு மேல் தரைக்குள் போயிற்று என்று பொருள். ரேடியல்களைக் கூட்டக்கூட ரெசிஸ்டன்ஸ் 45, 40 என்று இறங்கும், எஸ்.டபிள்யூ.ஆர். 1.25-ஆக ஏறும், ஆன்டெனா முன்னைவிட நன்றாக வேலை செய்யும். எஸ்.டபிள்யூ.ஆர். மட்டும் பார்க்கிறவர் 'கெட்டுப்போயிற்று' என்று ரேடியலைப் பிடுங்கிவிடுவார். ரெசிஸ்டன்ஸைப் பார்க்கிறவருக்கு நடந்தது புரியும்.

அதனால்தான் சொல்கிறேன்: விவரக்குறிப்பில் முதலில் தேடவேண்டியது ரெசிஸ்டன்ஸ், குறியோடு கூடிய ரியாக்டன்ஸ். அதிர்வெண் வாரியாக வளைவு வரைந்து காட்டினால் மிக நல்லது. ஸ்மித் சார்ட் (ரெசிஸ்டன்ஸையும் ரியாக்டன்ஸையும் ஒரே வட்டத்தில் காட்டும் வரைபடம்) காட்டினால் இன்னும் நல்லது. பெல் லேப்ஸில் இருந்த ஃபிலிப் ஸ்மித் 1939-இல் வெளியிட்ட அந்த வட்டத்தைப் படிக்கப் பழகியவர்கள் வேறு எதையும் கேட்பதில்லை. ஆனால் ஆரம்பத்தில் அது கட்டாயமில்லை.

மூன்றாம் படி: சந்தையில் இருக்கும் குடும்பங்களை அறிந்துகொள்ளுங்கள்

பழைய தலைமுறையின் அடையாளம் எம்எஃப்ஜே-259. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1972-இல் தொடங்கிய நிறுவனத்தின் கருவி. இரண்டு முள் மீட்டர், ஒரு சிறு திரை, கையால் திருப்பும் டியூனிங் குமிழ். 259பி என்ற மாடல் 1.8 முதல் 170 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். குமிழைத் திருப்பத் திருப்ப முள் விழுந்து எழுவதைப் பார்ப்பதில் ஒரு கண்கூடான தெளிவு உண்டு. இன்றும் பல மூத்த ஹாம்கள் அதை விடமாட்டார்கள். ஆனால் ரியாக்டன்ஸின் குறியைக் காட்டாது, வளைவு வரையாது, பத்து பென்சில் பேட்டரி கேட்கும். நிறுவனம் 2024 மே மாதத்தோடு தன் ஆலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நல்ல நிலையில் உள்ள ஒன்றை நண்பர் மலிவாகக் கொடுத்தால் வாங்குங்கள். பெரும் பணம் கொடுத்து இன்று தேடிப்போகவேண்டிய கருவி அல்ல. ஜப்பானின் கோமெட் சிஏஏ-500 கருவியும் முள் மீட்டர் பழக்கத்துக்கு வந்ததுதான்; 500 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் என்பது அதன் பலம்.

அடுத்தது உக்ரைனின் ரிக்எக்ஸ்பர்ட். மாடல் பெயரில் உள்ள எண்ணே மேல் எல்லையைச் சொல்லிவிடும்: ஏஏ-35 ஜூம், ஏஏ-55 ஜூம், ஏஏ-230 ஜூம், ஏஏ-650 ஜூம். ஆலையிலேயே அளவு திருத்தப்பட்டு (காலிப்ரேட் செய்யப்பட்டு) வருகிறது. ஆன் செய்து, அதிர்வெண்ணும் அகலமும் கொடுத்தால் வளைவு வந்துவிடும். 35, 55 இரண்டிலும் நம் கேபிளில் இருக்கும் பிஎல்-259 நேராகப் பொருந்தும் எஸ்ஓ-239 வாய். கேபிளில் எந்த இடத்தில் பழுது என்று தூரம் காட்டும் வசதி 230-இல் உண்டு. ஏணியின் மேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அளக்கவேண்டியவர்களுக்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை. விலைதான் தடை: பல பத்தாயிரங்களில் போகும்.

மூன்றாவது, இந்தத் துறையையே புரட்டிப்போட்ட நானோவிஎன்ஏ. எடி555 என்ற பெயரில் இயங்கும் ஜப்பானியர் ஒருவர் உருவாக்கி வெளியிட்ட வடிவமைப்பு. ஹூகன் என்பவர் மேம்படுத்திய நானோவிஎன்ஏ-ஹெச் 2019-இல் உலகெங்கும் பரவியது. ஆய்வுக்கூடங்களில் லட்சக்கணக்கில் விலைபோன ஒரு கருவியின் வேலையைச் சில ஆயிரம் ரூபாயில் கையடக்கமாகக் கொண்டுவந்தார்கள். எஸ்ஐ5351 என்ற மலிவான கடிகாரச் சிப்பை வைத்து 300 மெகாஹெர்ட்ஸ் வரை நேரடியாகவும், அதற்கு மேல் அதன் ஹார்மோனிக்குகளை (மடங்கு அதிர்வெண்களை) கொண்டும் அளக்கிறது. ஆகவே 300-க்குக் கீழே கூர்மை அதிகம், மேலே சற்று மங்கும். யுஹெச்எஃப் ஆன்டெனா அளக்க அந்த மங்கலும் பெரிய தடையில்லை. ரிபீட்டர் டூப்ளெக்ஸரின் ஆழமான பள்ளத்தை அளக்கும்போது மட்டும் கருவியின் எல்லை தெரியும். இரண்டு வாய் இருப்பதால் ஃபில்டர், சோக் எல்லாம் அளக்கலாம்.

நானோவிஎன்ஏ வாங்குவதென்றால் 2.8 அங்குலச் சிறிய திரையை விட்டுவிட்டு 4 அங்குலத் திரை கொண்ட ஹெச்4 மாடலை வாங்குங்கள். விரலால் மெனுவைத் தொடும்போது வித்தியாசம் புரியும். 401 புள்ளிகள் வரை அளக்கும் என்பது இன்னொரு பலன்.

சீனாவின் எம்ஆர்100 போன்ற மலிவான கருவிகளும் கண்ணில் படும். ஸ்பெயின் நாட்டு ஹாம் ஒருவரின் சார்க்100 வடிவமைப்பின் நகல் அது. நானோவிஎன்ஏ வந்தபின் அதற்குத் தனியான காரணம் எதுவும் மிச்சமில்லை. எஸ்.டபிள்யூ.ஆர். அண்ட் பவர் மீட்டர் என்று விற்கப்படுபவை அனலைசர் அல்ல. ரிக் டிரான்ஸ்மிட் செய்தால்தான் அவை வேலை செய்யும். பெயரைப் பார்த்து மாறி வாங்கிவிடாதீர்கள்.

நான்காம் படி: உங்கள் ஊரையும் உங்கள் கையையும் கணக்கில் எடுங்கள்

வீட்டருகே மீடியம் வேவ் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறதா? தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் போன்ற ஒன்றின் பக்கத்தில் 80 மீட்டர் டைபோல் கட்டினால், அந்தக் கம்பியே ஒலிபரப்பை வாங்கி அனலைசருக்குள் கொட்டும். டையோடை வைத்து வரும் வோல்டேஜ் முழுவதையும் கூட்டி அளக்கும் பழைய வகைக் கருவிகள் இதில் குழம்பி, எந்த அதிர்வெண்ணிலும் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்காமல் நிற்கும். தான் அனுப்பிய அதிர்வெண்ணை மட்டும் பிரித்துக் கேட்கும் விஎன்ஏ வகைகள் இந்தச் சூழலை நன்றாகத் தாங்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் எம்எஃப்ஜே பக்கம் போகவே வேண்டாம்.

வெயில் அடுத்த பிரச்சினை. சித்திரை மதியம் மாடியில் நின்று நானோவிஎன்ஏ திரையைப் படிப்பது கஷ்டம். காலையிலோ மாலையிலோ வேலை செய்வது, ஒரு அட்டைப் பெட்டியின் உள்ளே கருவியை வைத்துப் பார்ப்பது, திரையின் விவரத்தை மெமரியில் சேமித்துக் கீழே வந்து பார்ப்பது என்று சமாளிக்கலாம். அடிக்கடி களத்தில் நிற்பவர்களுக்கு, பல ஊர்களில் ஆன்டெனா கட்டிக்கொடுப்பவர்களுக்கு, ரிக்எக்ஸ்பர்ட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகும். மாதத்துக்கு ஒருமுறை ஆன்டெனாவைத் தொடுகிறவருக்குத் தகாது.

கடைசியாக உங்கள் பொறுமை. நானோவிஎன்ஏ ஒவ்வொரு முறையும் அளவு திருத்தத்தைக் கேட்கும். அந்த ஐந்து நிமிட ஒழுங்கு உங்களிடம் இருந்தால் அது உங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுக்கும். இல்லையென்றால் அது காட்டும் எண்கள் எதையும் நம்பமுடியாது.

பெரும்பாலான தமிழ்நாட்டு ஹாம்களுக்கு, குறிப்பாகப் புதிதாக லைசன்ஸ் வாங்கியவர்களுக்கு, என் பரிந்துரை நானோவிஎன்ஏ-ஹெச்4. முடிந்தால் வாங்கும் முன் பக்கத்து ஊர் ஹாம் ஒருவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவருடைய கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம்மவர்கள் யாரும் இதற்கு மறுப்பதில்லை.

ஐந்தாம் படி: கூடவே வாங்கவேண்டியவை

நானோவிஎன்ஏவில் எஸ்எம்ஏ வாய்தான் இருக்கும். திருகித் திருகிக் கழற்றினால் சீக்கிரம் தேயும் சிறு கனெக்டர் அது. ஒரு முனையில் எஸ்எம்ஏ, மறுமுனையில் எஸ்ஓ-239 உள்ள அரையடிக் கேபிள் ஒன்றை வாங்கி, கருவியில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். கனமான ஆர்ஜி-213 கேபிளை அடாப்டர் வைத்து நேராகக் கருவியில் தொங்கவிட்டால், அதன் எடையிலேயே வாய் போர்டிலிருந்து பெயர்ந்துவிடும்.

அப்படி மாட்டிய கேபிளின் முனையில்தான் அளவு திருத்தவேண்டும். அதற்கு ஓபன், ஷார்ட், லோடு மூன்றும் பிஎல்-259 வடிவில் வேண்டும். நீங்களே செய்யலாம். மூன்று பிஎல்-259 வாங்குங்கள். ஒன்றைக் காலியாக விடுங்கள். ஒன்றில் நடு ஊசியை உடலோடு சேர்த்துச் சாலிடர் செய்யுங்கள். மூன்றாவதில் 100 ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டை இணையாக, கால்களை மிகக் குட்டையாக வெட்டிச் சாலிடர் செய்யுங்கள். ஹெச்எஃப் முழுவதற்கும் இது நன்றாகப் போதும். 2 மீட்டரிலும் ஓரளவு ஓடும். 435 மெகாஹெர்ட்ஸில் நம்பாதீர்கள். அங்கே கருவியோடு வந்த எஸ்எம்ஏ துண்டுகளைப் பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: வந்தவுடன் சோதியுங்கள்

நானோவிஎன்ஏவுக்கு நகல்கள் ஏராளம். உள்ளே அளக்கும் பகுதிகளின் மேல் உலோக மூடி இல்லாதவை, பேட்டரியே இல்லாதவை எல்லாம் விற்பனையில் உண்டு. வாங்கும் முன் விற்பவரிடம் இரண்டையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். பில்லோடு, திருப்பி எடுத்துக்கொள்ளும் உத்தரவாதத்தோடு வாங்குங்கள்.

கூடவந்த லோடு துண்டை மல்ட்டிமீட்டரில் வையுங்கள். 50 ஓமுக்கு அரை ஓம் அங்கே இங்கே இருக்கலாம். 47 என்றோ 53 என்றோ காட்டினால் அந்தத் துண்டை வைத்துத் திருத்திய எல்லா அளவும் பிழையாகும்.

பிறகு அளவு திருத்துங்கள். முதலில் அதிர்வெண் எல்லையைக் கொடுத்துவிட்டு, பழைய திருத்தத்தை ரீசெட் செய்து, ஓபன், ஷார்ட், லோடு என்று வரிசையாக மாட்டிப் பதிந்து, 'டன்' (Done) அழுத்திச் சேமிக்கவேண்டும். எல்லையை மாற்றினால் மறுபடியும் திருத்துவதே நல்லது.

இப்போது தெரிந்த பொருள்களை அளந்து பாருங்கள். 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர். 2, ரியாக்டன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு 50 ஓம் லோடுகளை டி கனெக்டரில் இணையாக மாட்டினால் 25 ஓம், மறுபடியும் 2. குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் கேபிள் துண்டு போதும்: மறுமுனை திறந்திருந்தால் 7 மெகாஹெர்ட்ஸில் ரியாக்டன்ஸ் மைனஸ், ஷார்ட் செய்தால் பிளஸ். இந்தச் சோதனையில் தேறாத கருவியைத் திருப்பி அனுப்புங்கள். ரிக்எக்ஸ்பர்ட் வாங்கினாலும் இதே சோதனைகளைச் செய்யுங்கள்.

ஏழாம் படி: முதல் ஆன்டெனாவை அளப்பது

40 மீட்டர் இன்வெர்டட் வி-யையே (நடுவை உயர்த்தி முனைகளைச் சரித்துக் கட்டிய டைபோல்) எடுத்துக்கொள்வோம். 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.14 மீட்டர், ஒரு பக்கத்துக்குச் சுமார் 10.07. முதலில் இருபக்கமும் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டி ஏற்றுங்கள். எல்லையை 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் என்று கொடுத்து அளவு திருத்தி, கேபிள் முனையில் மாட்டுங்கள்.

அதிர்வெண் எல்லையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதியவர்கள் நானோவிஎன்ஏவை 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை அப்படியே விட்டு, 'ஆன்டெனாவே தெரியவில்லையே' என்பார்கள். 101 புள்ளிகளை அவ்வளவு அகலத்தில் பரப்பினால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. 2 மீட்டர் அலைவரிசையின் அகலமே 2 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்குள் ஒரு புள்ளி விழுந்தாலே அதிகம், எஸ்.டபிள்யூ.ஆர். வளைவின் பள்ளம் காணாமல் போகும். 140 முதல் 150 என்று குறுக்கினால் புள்ளிக்குப் புள்ளி 0.1 மெகாஹெர்ட்ஸ், பள்ளம் தெளிவாகத் தெரியும்.

பள்ளம் 6.85-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது: இருக்கும் நீளத்தை 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் வேண்டிய நீளம். மொத்தம் 20.9 மீட்டர் இருந்தால் 20.16 ஆகவேண்டும், பக்கத்துக்குச் சுமார் 37 சென்டிமீட்டர் குறையவேண்டும். ஒரேயடியாக வெட்டாமல் முனையைப் பின்னால் மடித்துச் சுற்றிவிட்டு மறுபடி அளங்கள். மடித்த கம்பி வெட்டிய கம்பிக்கு ஏறத்தாழச் சமம்; தவறினால் அவிழ்த்துவிடலாம். உயரமும் சுற்றியுள்ள பொருள்களும் மாறினால் எண் மாறும், ஆகவே ஆன்டெனா கடைசியாக நிற்கப்போகும் உயரத்தில் ஏற்றி அளந்ததே கணக்கு. மழை நாளில் நனைந்த கம்பியை அளந்து திருத்தவேண்டாம். ஒத்ததிர்வு சற்றுக் கீழே இறங்கியிருக்கும்.

அளக்கும்போது கருவியைக் கையால் இறுகப் பிடித்துப் பாருங்கள். பிறகு கேபிளைக் கையில் பற்றிப் பாருங்கள். வளைவு ஆடுகிறதா? ஆடினால் கேபிளின் வெளி உறையிலும் மின்னோட்டம் ஓடுகிறது, கேபிளும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிட்டது என்று பொருள். ஊட்டுமுனையில் ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சுற்றி ஒரு சோக் போட்டபிறகு மறுபடி அளங்கள். இந்த ஒரு சோதனை வீட்டில் டிவி, ஸ்பீக்கர் எல்லாம் நீங்கள் பேசும்போது இரைவதற்கான காரணத்தையும் பல நேரம் காட்டிக்கொடுக்கும்.

எண்ட் ஃபெட் ஆன்டெனா (ஒரு முனையில் ஊட்டும் கம்பி) கட்டுகிறவர்கள் கம்பியை ஏற்றும் முன் டிரான்ஸ்ஃபார்மரை மேசையிலேயே அளக்கலாம். 49:1 டிரான்ஸ்ஃபார்மரின் வெளிமுனையில் 2.4 கிலோஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே மாட்டினால் உள்முனையில் 50 ஓமுக்கு அருகில் தெரியவேண்டும். மேசையிலேயே 3 காட்டும் டிரான்ஸ்ஃபார்மர் மாடியிலும் சரியாக வேலை செய்யாது.

எட்டாம் படி: கேபிள் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பது

அனலைசரின் உண்மையான பயன் இங்கேதான் அதிகம். இதைத்தான் பலர் செய்வதில்லை.

ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும். 30 மீட்டர் போட்டிருந்தால் 6 டெசிபல். சிக்னல் மேலே போகும்போது 6, திரும்பும்போது 6, மொத்தம் 12 டெசிபல் குறைந்துதான் கருவிக்கு வரும். கேபிளின் மேல்முனையில் ஆன்டெனாவே இல்லாமல் திறந்து கிடந்தாலும் கீழே எஸ்.டபிள்யூ.ஆர். சுமார் 1.7 காட்டும். ஆன்டெனாவில் 3 இருந்தால் கீழே 1.3 தெரியும். ஷாக்கில் (ரிக் இருக்கும் அறையில்) உட்கார்ந்து '1.3, அருமை' என்று சொல்பவரின் பவரில் முக்கால் பங்கு கேபிளிலேயே சூடாகிப் போகிறது. பழைய, தண்ணீர் புகுந்த கேபிளில் இழப்பு இன்னும் அதிகம், எஸ்.டபிள்யூ.ஆரோ இன்னும் அழகாக இருக்கும்.

ஆகவே ஆன்டெனாவை மாட்டும் முன் கேபிளைத் தனியாக அளங்கள். மேல்முனையைத் திறந்து வைத்து, நீங்கள் பேசப்போகும் அதிர்வெண்ணில் ரிட்டர்ன் லாஸை (சிக்னல் எத்தனை டெசிபல் குறைந்து திரும்புகிறது என்பதை) பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் இழப்பு. 12 காட்டினால் 6 டெசிபல். புதுக் கேபிளின் அளவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஐப்பசி மழைக்குப் பிறகும் அதே அளவை எடுத்து ஒப்பிடுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று கனெக்டர் வழியாக உறைக்குள் நுழைந்து செம்பைக் கறுப்பாக்கிவிடும். எண் கூடிக்கொண்டே போகிறது என்றால் கேபிளை மாற்றும் காலம் வந்துவிட்டது.

கேபிள் நடுவில் அறுந்திருந்தால் அந்த இடத்தையும் கண்டுபிடிக்கலாம். மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து மேலே வாருங்கள். ரியாக்டன்ஸ் மைனஸில் இருந்து முதல்முறை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தைக் குறியுங்கள். 75-ஐக் கேபிளின் வேகக் காரணியால், சாதாரண ஆர்ஜி-58, ஆர்ஜி-213 என்றால் 0.66-ஆல், பெருக்கி அந்த மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் தூரம் வரும். 20 மீட்டர் கேபிள் முழுசாக இருந்தால் 2.475-இல் கடக்கவேண்டும். 6.19-இல் கடக்கிறது என்றால் அறுந்த இடம் உங்களிடமிருந்து 8 மீட்டரில், ஒருவேளை ஜன்னல் விளிம்பில் நசுங்கிய இடத்தில்.

ஒத்ததிர்வைக் கேபிள் வழியாகவே துல்லியமாகப் பார்க்கவேண்டும் என்றால் இரண்டு வழி. கேபிளைச் சரியாக அரை அலை நீளத்தில் வெட்டினால், 7.1-க்கு ஆர்ஜி-213-இல் ஏறக்குறைய 13.94 மீட்டர், மேலே உள்ள இம்பீடன்ஸ் (ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் சேர்ந்தது) கீழே அப்படியே தெரியும். இல்லையென்றால் கேபிளின் மேல்முனையிலேயே ஓபன், ஷார்ட், லோடு மாட்டி அளவு திருத்துங்கள்; ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இரண்டாவது வழியில் எந்த நீளக் கேபிளும் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

கருவியைக் காப்பாற்றுவது

அனலைசரின் வாய் மில்லிவாட்டுகளுக்காகச் செய்தது. கம்பியை மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் பிஎல்-259-இன் நடு ஊசியை அதன் உடலோடு ஒரு உலோகத் துண்டால் தொட்டு, கம்பியில் தேங்கிய நிலைமின்னை இறக்குங்கள். வறண்ட காற்று வீசும் நாளிலும் நீண்ட கம்பி கருவியைக் கொல்லும் அளவு மின்னேற்றம் பெறும். தூரத்தில் இடி கேட்டாலே அளவை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள்.

பக்கத்தில் இன்னொரு ஆன்டெனா இருந்தால் அதில் யாரும் டிரான்ஸ்மிட் செய்யாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாடியில் உதவிக்கு நிற்கும் நண்பரின் 5 வாட் வாக்கி டாக்கி உட்பட. கீழே ஷாக்கில் ரிக் அணைந்திருக்கட்டும், மைக்கைக் கழற்றி வையுங்கள். ஆன்டெனா ஸ்விட்ச் வழியாக ரிக்கும் அனலைசரும் ஒரே பெட்டியில் மாட்டியிருக்கும் அமைப்பு வேண்டவே வேண்டாம். ஒரு தவறான திருப்பலில் 100 வாட் கருவிக்குள் போகும்.

லித்தியம் பேட்டரி உள்ள கருவியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து அணையுங்கள். பென்சில் பேட்டரி போடும் வகை என்றால் அவற்றை வெளியே எடுத்து வையுங்கள். ஓபன், ஷார்ட், லோடு துண்டுகளைத் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை லோடை மல்ட்டிமீட்டரில் சரிபாருங்கள்.